முதியோரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு எதைச் சொல்லித் தரப்போகிறீர்கள்?

தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தாருக்கும், மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தை நடத்தும் மக்கள் நல்வாழ்வுத் துறையினருக்கும்,

வணக்கம்.

நான் தஞ்சாவூர் மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் படுக்கையில் கிடக்கும் பெரியவர்களின் வீடுகளுக்கு, தெரிந்தவர்கள் கூப்பிட்டால் போய்வருகிறேன். படுக்கைப்புண்ணுக்குக் கட்டுப் போடுவது, யூரின் டியூப் மாற்றுவது மாதிரியான வேலைகள். போன வேலை அரை மணியில் முடிந்துவிடும். அப்புறம் அங்கே பார்த்துக்கொள்ளும் பெண் தன்னுடைய போனையோ, அந்த வீட்டுத் தாத்தாவின் போனையோ நீட்டுவார். "சிஸ்டர், இது என்னன்னு கொஞ்சம் பாருங்க." மீதி நேரமெல்லாம் அதில்தான் போகும்.

வீட்டில் முதியோரைப் பராமரிப்பவர்களுக்கு டிஜிட்டல் பயிற்சி தர வேண்டும் என்று இப்போது பலரும் பேசுகிறார்கள். தரட்டும், நல்லதுதான். எதைச் சொல்லித் தரப்போகிறீர்கள் என்பதில்தான் என் கவலை. டிஜிட்டல் பயிற்சி என்றாலே கம்ப்யூட்டரை ஆன் செய்வது, மெயில் ஐடி உருவாக்குவது, கடைசி நாளில் சான்றிதழோடு குரூப் போட்டோ என்று நமக்குப் பழகிவிட்டது. இந்தப் பெண்களில் பலருக்குப் போனைக் கையாளத் தெரியும். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவார்கள், ஊரிலிருக்கும் பிள்ளையோடு வீடியோவில் பேசுவார்கள். அவர்களைத் தடுமாறச் செய்வது ஒன்றே ஒன்றுதான்: வேலை நேரத்தில் அவர்கள் கையில் இருப்பது அடுத்தவருடைய போன், அடுத்தவருடைய வங்கிக் கணக்கு, அடுத்தவருடைய உடம்பு காட்டும் எண்கள். இதற்கென்று ஒரு பாடம் நான் பார்த்தவரை எங்கேயும் இல்லை.

பார்த்துக்கொள்பவர்கள் என்று நான் சொல்வது இரண்டு தரப்பினரை. ஏஜென்சி மூலமாகவோ நேரடியாகவோ சம்பளத்துக்கு வரும் அட்டெண்டர்கள் ஒரு தரப்பு. பன்னிரண்டு மணி நேர டூட்டி பார்ப்பவர்களும் உண்டு, அந்த வீட்டிலேயே தங்கிப் பகலும் இரவும் பார்ப்பவர்களும் உண்டு. இன்னொரு தரப்பு, சம்பளமில்லாத மனைவி, மகள், மருமகள். 2021இல் தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம் என்றும், 2031இல் அது 18.2 சதவீதம் ஆகும் என்றும் மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு சொல்கிறது. 2021 கணக்கில் கேரளாவுக்கு அடுத்த இடம் நமக்கு. அதன் பக்கத்தில் இன்னொரு கணக்கை வையுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்போது, எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்தியிருந்த பெண்கள் தமிழ்நாட்டில் 46.9 சதவீதம், ஆண்கள் 70.2 சதவீதம். அதற்குப் பிறகு இரண்டுமே கூடியிருக்கும். ஆனாலும் பெரியவர்களைப் பார்க்கும் வேலை யார் தலையில் விழுகிறது என்று உங்களுக்குத் தெரியும்.

முதலில் மெஷின்கள். வீட்டுக்கு வீடு பிரஷர் மெஷின், சுகர் மெஷின், விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் எல்லாம் வந்துவிட்டன. மகனோ மகளோ ஆன்லைனில் வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். எப்படிப் படிப்பது என்று சொல்லித் தருவார் யாருமில்லை. பிரஷர் மெஷினில் மூன்று எண்கள் வரும், கடைசியில் இருப்பது நாடித்துடிப்பு. அதையே பிரஷர் என்று நினைத்து "அம்மாவுக்கு 72தான் காட்டுது" என்று வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குச் சொல்லி, அவர் பதறிப்போன வீடு எனக்குத் தெரியும். சுகர் மெஷினில் சில நேரம் எண்ணுக்குப் பதிலாக இரண்டு ஆங்கில எழுத்துகள் வரும். 'ஹை' என்று வந்தால் மெஷினால் அளக்க முடியாத உயரத்தில் சர்க்கரை இருக்கிறது, பல மெஷின்களில் அது 600க்கு மேல். 'லோ' என்றால் 20க்கும் கீழே. இரண்டுமே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நிலைமை. ஆனால் எண் வரவில்லையே, மெஷின் ரிப்பேர் போல என்று எடுத்து ஓரமாக வைத்துவிடுகிறார்கள்.

ஆக்சிஜன் மீட்டர் கதை இன்னும் மோசம். நாம் எதிர்ப்பக்கம் நின்று தலைகீழாகப் பார்த்தால் 98 என்பது 86 போலத் தெரியும். 86 இருக்கும்போது 98 போலத் தெரியும். ஒரு காகிதத்தில் அந்த டிஜிட்டல் எண்களை எழுதித் திருப்பிப் பாருங்கள், புரியும். முதலாவது நடந்தால் வீண் பதற்றத்தோடு போய்விடும். இரண்டாவது நடந்தால் மூச்சுத் திணறுகிறவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்போம். சொல்லித்தர ஐந்து நிமிஷம்கூட ஆகாது. விரல் ஜில்லென்று இருந்தாலோ, நகத்தில் அடர்த்தியான பாலிஷ் இருந்தாலோ அளவு தப்பலாம் என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்லிவிடலாம்.

நான் இப்போது எல்லோருக்கும் சொல்வது இதுதான்: எண்ணை வாயால் சொல்ல வேண்டாம், மெஷினை போட்டோ எடுத்து அனுப்பிவிடு. எந்த நேரத்தில் எடுத்தது, சாப்பிடுவதற்கு முன்பா பின்பா என்று குரலில் ஒரு வரி போதும். டாக்டருக்கும் அது போதும். எழுதப் படிக்கத் தயங்குகிற பெண்ணும் அன்றிலிருந்து பிசிறில்லாமல் குறிப்பு வைத்துவிடுகிறார். மாத்திரைக்கும் இதே வழிதான். தீர்ந்துபோன அட்டையைத் தூக்கிப் போடுமுன், பெயரும் மில்லிகிராமும் காலாவதித் தேதியும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ. ஒரே மாதிரி ஒலிக்கும் மருந்துப் பெயர்களைக் கடைக்காரரிடம் போனில் சொல்லி வாங்கும் ஆபத்து அதில் இல்லை.

அடுத்து பணமும் ஓடிபியும். இங்கேதான் உங்கள் பாடத்திட்டத்தைத் தயாரிப்பவர்கள் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

ஓடிபியை யாருக்கும் சொல்லாதே என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒரு அட்டெண்டரின் நாளைப் பாருங்கள். காஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் எண் கேட்கிறார். மருந்து டெலிவரிக்கு வந்த பையன் கேட்கிறான். ரத்தம் எடுக்க வந்த லேப்காரர் கேட்கிறார். ஆஸ்பத்திரிப் பதிவிலும் கேட்கிறார்கள். எல்லாம் தாத்தாவின் போனுக்கு வரும். தாத்தாவுக்குக் கண் சரியாகத் தெரியாது, பார்த்துச் சொல்வது இந்தப் பெண்தான். ஒரு நாளில் பல தடவை ஓடிபி சொல்வது வேலையாகவே இருக்கும் ஒருவரிடம் "சொல்லாதே" என்று மட்டும் சொன்னால், அவர் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் வழக்கம்போல் சொல்வார். பிரித்துப் பார்க்கக் கற்றுத்தர வேண்டும். செய்தியில் ரூபாய்த் தொகை இருக்கிறதா? வங்கியின் பெயர் இருக்கிறதா? இருந்தால் வாயைத் திறக்கக் கூடாது, குடும்பத்தாரைக் கூப்பிட வேண்டும். நாம் வரச்சொன்ன பொருள் வாசலில் நிற்கிறதா? நின்றால் கையில் வாங்கியபின் சொல்லலாம். எதிர்முனையில் இருப்பவர் அவசரப்படுத்துகிறாரா? அப்படியானால் போனை வைத்துவிடலாம். செய்தி ஆங்கிலத்தில் வந்தாலும் தொகையையும் வங்கிப் பெயரையும் அடையாளம் கண்டுகொள்ள ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. நிஜமான செய்திகளின் படங்களைக் காட்டி, இது எது, அது எது என்று கேட்டுப் பழக்கினாலே வந்துவிடும்.

யுபிஐ பின் விஷயம் இதைவிடச் சிக்கல். பல வீடுகளில் பெரியவரின் பின் எண் ஒரு துண்டுச் சீட்டில் எழுதப்பட்டு போன் உறைக்குள் இருக்கிறது. பால், காய்கறி, டயப்பர், மருந்து எல்லாவற்றுக்கும் அட்டெண்டர்தான் அந்த எண்ணைப் போட்டுப் பணம் அனுப்புகிறார். அவருக்கும் வேறு வழியில்லை. மாதக் கடைசியில் கணக்கு உதைத்தால் முதல் சந்தேகம் யார்மேல் விழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வேலையைவிட்டு அனுப்பப்பட்ட பிறகு, பணம் தானாகப் பிடித்தம் ஆகும் ஏதோ ஒரு சந்தாவில் போயிருந்தது என்று தெரியவந்த சம்பவமும் எங்கள் பக்கத்தில் உண்டு. மன்னிப்புக் கேட்க யாரும் அந்தப் பெண்ணைத் தேடிப் போகவில்லை.

இதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் ஊருக்குள் யாருக்கும் தெரியவில்லை. 2024இல் வந்த யுபிஐ சர்க்கிள். கணக்கு வைத்திருப்பவர் தான் நம்பும் ஒருவரைத் தன் கணக்கோடு இணைத்துவிடலாம். இணைக்கப்பட்டவர் தன் சொந்த போனிலிருந்து கடைக்குப் பணம் செலுத்துவார், கணக்குக்காரரின் பின் எண் அவருக்குத் தெரிய வேண்டியதே இல்லை. முழு அனுமதி கொடுத்தால் ஒரு தடவைக்கு 5,000 ரூபாய், மாதத்துக்கு 15,000 ரூபாய் என்று உச்சவரம்பு உண்டு. அதைவிடக் குறைத்தும் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தடவையும் கணக்குக்காரரே ஒப்புதல் தரும்படி வைத்துக்கொள்ளவும் வசதி இருக்கிறது. பெங்களூரில் இருக்கும் மகள் தன் கணக்கோடு அட்டெண்டரை இணைத்துவிட்டால் தாத்தாவின் போனைத் தொடவே வேண்டாம். யார், எங்கே, எவ்வளவு கொடுத்தார்கள் என்பதும் பதிவாகிவிடும். இது பணத்துக்கு மட்டும் பாதுகாப்பு இல்லை, அந்தப் பெண்ணின் பெயருக்கும் பாதுகாப்பு. ஆகவே இந்தப் பாடத்துக்கு அட்டெண்டரை மட்டும் கூப்பிட்டால் போதாது. குடும்பத்தில் ஒருவராவது கூடவே உட்கார வேண்டும், வீடியோ காலிலாவது. பின் எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தவர் அவர்தானே, முதலில் திருந்த வேண்டியவரும் அவர்தான்.

மோசடிக்காரர்கள் விஷயத்தில் இந்தப் பெண்களை நாம் சரியாகப் பயன்படுத்திக்கொள்ளவே இல்லை. காக்கிச் சட்டையில் வீடியோ காலில் வந்து "உங்கள் பேரில் பார்சலில் போதைப்பொருள் வந்திருக்கிறது, உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், அறையைவிட்டு வெளியே வராதீர்கள்" என்று மிரட்டும் கூட்டம் குறிவைப்பவர்களில் ஓய்வூதியப் பணத்தோடு தனியாக இருக்கும் பெரியவர்கள் நிறையப் பேர். அந்த நேரத்தில் வீட்டில் இருக்கும் ஒரே இன்னொரு ஆள் அட்டெண்டர். தாத்தா கதவைச் சாத்திக்கொண்டு கிசுகிசுப்பதும், சாப்பிட வராததும், பாஸ்புக்கைத் தேடுவதும் அவர் கண்ணில்தான் முதலில் படும். வீடியோ காலில் கைது என்று நம் சட்டத்தில் ஒன்று கிடையாது, 1930 என்ற எண்ணைக் கூப்பிட வேண்டும், பணம் போயிருந்தால் எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவு நல்லது: இந்த மூன்றும் அவருக்குத் தெரிந்திருந்தால் போதும். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை, அதாவது போனில் புதுச் செயலியை ஏற்றிவிடும் கோப்பை, தொடக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். முதியோர் உதவி எண் 14567 இருப்பதையும் சொல்லிவையுங்கள். பெரியவரையே வீட்டார் அடிக்கும் வீடுகளும் இருக்கின்றன. அதைப் பார்த்துக்கொண்டு வேலைக்குப் பயந்து வாயை மூடியிருக்கும் அட்டெண்டர்களும் இருக்கிறார்கள்.

உயிரோடு இருக்கிறோம் என்று ஓய்வூதியர்கள் வருஷாவருஷம் தரும் வாழ்நாள் சான்று என்று வரும்போது இதே பெண்கள்தான் வீட்டுக்கு வீடு அதிகாரிகள். விரல்ரேகை தேய்ந்துபோன 85 வயதுப் பாட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைத்து வங்கிக்குக் கொண்டுபோன காலம் இன்னும் முடியவில்லை. முகத்தைக் காட்டிச் சான்று தரும் வசதி 2021 நவம்பரிலேயே வந்துவிட்டது. ஆதாரின் முகப்பதிவுச் செயலி ஒன்று, ஜீவன் பிரமாண் செயலி ஒன்று, இரண்டும் போனில் வேண்டும். போன் வைத்திருப்பவர் முதலில் தன் முகத்தைக் காட்டி ஒரு தடவை பதிந்துகொண்டால், அதே போனில் மற்றவர்களுக்கும் செய்து தரலாம். அதாவது ஒரு அட்டெண்டர் கற்றுக்கொண்டால் அந்தத் தெருவுக்கே உதவும். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி தலையணையை உயர்த்துவது, மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவது, கண்ணைச் சிமிட்டச் சொல்வது எல்லாம் அவருக்குக் கைவந்த கலை. நோயாளியை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? முடியாத வீட்டுக்குத் தபால்காரரை வரவழைக்கலாம், அஞ்சலக வங்கி மூலம் 70 ரூபாய்க் கட்டணத்தில் வாசலில் செய்துகொடுக்கிறார்கள். அதையும் தெரிந்தவர் குறைவு.

சம்பளமில்லாத தரப்பைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்கு மிகவும் வருத்தம் தருபவர்கள் மனைவிமார்கள்தான். நாற்பது வருஷமாக வங்கி, வரி, காஸ் புக்கிங், ரீசார்ஜ் எல்லாம் கணவர் பார்த்திருப்பார். ஒரு நாள் பக்கவாதம் வந்து அவருக்குப் பேச்சு போய்விடும். போன் எந்தக் கோட்டை இழுத்தால் திறக்கும் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. கணவரின் செயலிழந்த கையைப் பிடித்து விரலைப் போனில் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே காப்பீட்டு அட்டையின் படம் இருந்தது, ஆஸ்பத்திரியில் அது வேண்டும். இவர்களுக்கு வகுப்பு நடத்துவதென்றால் நோய் வந்த பிறகு நடத்திப் பயனில்லை. ரத்த அழுத்த மாத்திரை வாங்கவரும் அறுபது வயதுத் தம்பதியிடம் இரண்டு பேரும் நன்றாக இருக்கும்போதே பேச வேண்டும்: போனைத் திறக்கும் முறை இரண்டு பேருக்கும் தெரியுமா, கணக்கு கூட்டுக் கணக்கா, நாமினி யார், ஆதாரும் காப்பீட்டு அட்டையும் எங்கே? சில ஆண்களுக்கு இது பிடிக்காது. "நான் என்ன இப்பவே போகப்போறேனா" என்பார்கள். குடும்பக் கட்டுப்பாடு பற்றி ஆண்களிடம் பேசிப் பழகிய எங்களுக்கு அதைச் சமாளிக்கத் தெரியும்.

கேமரா பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் பிள்ளைகள் கட்டிலுக்கு மேலே கேமரா வைத்துப் பார்க்கிறார்கள். அவர்கள் கவலை புரிகிறது. ஆனால் கேமரா இருப்பதை அட்டெண்டரிடம் சொல்லாமல் வைப்பது, அவர் உடை மாற்றும் அறையிலும் வைப்பது எல்லாம் நடக்கிறது. பாட்டியைக் குளிப்பாட்டுவதும் டயப்பர் மாற்றுவதும்கூட அதில் ஓடுகிறது. பாட்டியிடம் யாராவது கேட்டார்களா? அதே மாதிரி, பாட்டியின் புண்ணைப் படமெடுத்து ஏஜென்சி குரூப்பில் போடும் அட்டெண்டருக்கும் அது தப்பு என்று யாரோ சொல்ல வேண்டும். படம் டாக்டருக்கு மட்டும் போக வேண்டும், போனதும் போனிலிருந்து அழிக்கப்பட வேண்டும்.

எங்கே, எப்படி நடத்துவது? மூன்று மாத வகுப்பு வேண்டாம். ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போய்விடும் பெண்கள் இவர்கள். தங்கி வேலை பார்ப்பவருக்கு லீவே கிடையாது. மருமகள்களுக்கும் அப்படித்தான், மாமியாரைத் தனியாக விட்டுவிட்டு மாவட்டத் தலைநகருக்கு வர முடியாது. பாடம் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அதற்கான ஆட்கள் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் பிரஷர், சுகர் மாத்திரையோடு அந்த வீடுகளுக்குப் போகிறார்கள். வலிநிவாரணச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் படுக்கையில் இருப்பவரைப் பார்க்கப் போகிறார்கள். ஒரு வருகைக்கு ஒரே ஒரு விஷயம், இருபது நிமிஷம், அந்த வீட்டு மெஷினிலும் அந்த வீட்டுப் போனிலுமே. இந்த மாதம் ஆக்சிஜன் மீட்டர், அடுத்த மாதம் ஓடிபி. அதே வருஷம் பிள்ளைகளுக்காக இல்லம் தேடிக் கல்வி நடத்தத் தெரிந்த அரசுக்கு இது பெரிய வேலையில்லை.

ஆனால் ஒரு நிபந்தனை, அனுபவத்தில் சொல்கிறேன். கர்ப்பிணிகளைப் பதிவு செய்ய பிக்மி என்ற அரசு இணையதளம் வந்தபோது எங்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். விவரங்களை ஏற்றச் சொல்லிக் கொடுத்தார்கள். ஏற்றிய விவரத்தை வைத்து எங்கள் ஊர்க் கர்ப்பிணிக்கு நாங்கள் என்ன செய்யலாம் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை. நோட்டில் எழுதுவதும் நிற்கவில்லை, இரண்டு வேலையாகிவிட்டது. தன்னார்வலர்கள் இப்போதே செயலியில் பதிவேற்றியே களைத்துப் போயிருக்கிறார்கள். இந்தப் பொறுப்பையும் கொடுப்பதானால் ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக ஊக்கத்தொகை கொடுங்கள். எத்தனை பேருக்குப் பயிற்சி என்ற கணக்குக் கேட்டு இன்னொரு படிவத்தை அவர்கள் தலையில் கட்டாதீர்கள்.

அட்டெண்டர்களில் எட்டாம் வகுப்போடு நின்றவர்கள் நிறைய. நகரங்களில் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்களும் இருக்கிறார்கள். எழுத்துத் தேர்வு வைத்தால் வேலை தெரிந்தவர்கள் தோற்றுப்போவார்கள். மெஷினைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், செய்தியைக் காட்டிப் பிரிக்கச் சொல்லுங்கள். செய்துகாட்டினால் சான்றிதழ். அந்தச் சான்றிதழுக்கு ஏஜென்சிகள் சம்பளத்தில் மதிப்புத் தர வேண்டும், அதற்கு உங்கள் கழகம்தான் பேச வேண்டும். வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007லேயே வந்துவிட்டது. பதிவும் இணையத்தில் செய்யலாம். ஆனால் பதிந்த அட்டெண்டர் ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை. அடுத்தவர் போனில் இத்தனை வேலை செய்பவர், தனக்காகச் செய்யும் முதல் வேலையாக அது இருக்கட்டும். பயிற்சியின் கடைசிப் பாடமாக வாரியப் பதிவை அவரவர் போனிலேயே முடித்துக்கொடுங்கள்.

எண்பது வயதைத் தாண்டிய மத்திய அரசு ஓய்வூதியர்கள் அக்டோபர் 1ஆம் தேதியிலிருந்தே வாழ்நாள் சான்று கொடுக்கலாம், மற்றவர்களுக்கு நவம்பர். அதற்குமுன் ஒரே ஒரு வட்டாரத்திலாவது தொடங்கிப் பாருங்கள். திருவிடைமருதூர் வட்டாரம் என்றால் சொல்லித்தர நானும் வருகிறேன். என்னைப் போல ஓய்வு பெற்ற செவிலியர்கள் இன்னும் சிலரை அழைத்துவரவும் முடியும். எங்களுக்குப் பயணப்படி வேண்டாம். கற்றுக்கொள்ள வரும் அட்டெண்டர்களுக்கு அன்றைய சம்பளத்தை மட்டும் கையில் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
கும்பகோணம்